இரண்டு தோட்டா கூடுதலாக

டாலஸ் பக்கத்துத் துப்பாக்கிக் கடைகளில் நம் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் சிலர் இப்போது கவுண்டரில் நிற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் அந்த வேலைக்குப் போன புதிதில், ஆலன் ஊர்க் கோயில் சாப்பாட்டுக்கூடத்தில் நான் தட்டோடு வந்து உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிடும். ஒரு ஆன்ட்டி மட்டும் தைரியமாகக் கேட்டாள், கணக்கு எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ஏன் இந்த வேலை என்று. கணக்கு எழுதின கம்பெனியை மூடிவிட்டார்கள், அதனால்தான் என்றேன். பாதி உண்மை அது. மீதிப் பாதி, வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பையன் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் இருக்கிறான். திருச்சியில் காலேஜ் படித்தபோது என்.சி.சி.யில் ரைஃபிள் சுட்டவள் நான். ஒருநாள் சும்மா பார்க்கலாம் என்று ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னாலேயே சுட்டுப் பழகும் கூடம். நான் சுட்ட அட்டையை எடுத்துப் பார்த்த முதலாளி, சனிக்கிழமைகளில் வர முடியுமா என்று கேட்டார். அப்படி உள்ளே போனவள், பிறகு வாரம் பூராவும் வேலை பார்த்து, ரிடையர் ஆகித்தான் வெளியே வந்தேன்.

துப்பாக்கியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. அதற்கு உங்கள் முதலாளிகள் இருக்கிறார்கள், யூட்யூப் இருக்கிறது. நான் சொல்ல வந்தது உங்களிடம் வாராவாரம் வரப்போகும் ஒரு கேள்வியைப் பற்றி. மேகசினுக்கு எக்ஸ்டென்ஷன் போடலாமா, வேண்டாமா?

தோட்டாக்களை அடுக்கி, கைப்பிடிக்குள் செருகும் பெட்டிதான் மேகசின். அதன் அடித்தட்டைக் கழற்றிவிட்டு நீளமான வேறொரு தட்டை மாட்டினால் இரண்டு தோட்டா கூடுதலாகக் கொள்ளும். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக், அவ்வளவுதான் எக்ஸ்டென்ஷன். இதை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் போடும் விவாதம் இருக்கிறதே, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதுகூட அவ்வளவு அலசியிருக்க மாட்டார்கள்.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போட்டியில் சுடுகிறவருக்கு அது பிரயோஜனம். கை பெரிதாக, துப்பாக்கி சிறிதாக இருந்தால் சுண்டுவிரல் உட்கார இடம் கிடைக்கும், அதுவும் சரி. மற்றவர்களுக்கு வேண்டாம். ஒழுங்காக இருந்த ஒரு சாமானில் நாம் சேர்த்த புது இணைப்பு அது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வேறு நீளத்துக்கு அளந்து செய்தது. வரப்போவதே இல்லாத நாலாவது திருடனுக்காக இரண்டு தோட்டா கூட்டப்போய், வந்து நிற்கும் முதல் திருடன் முன்னால் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் யாருக்கு லாபம்? இதைத்தான் எல்லோரிடமும் சொல்வேன். பாதிப் பேர் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். நம் ஆளுக்குக் கார் என்றாலும் ஃபுல் ஆப்ஷன், துப்பாக்கி என்றாலும் ஃபுல் ஆப்ஷன். கிடைக்கிற ஒன்றைப் போடாமல் விட்டால் ஏமாந்துவிட்ட மாதிரி ராத்திரி தூக்கம் வராது.

ராஜசேகர் சார் அந்த ரகத்தில் முதல் தரம். கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ஆலனில் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ பின்கதவை உடைத்து டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் எங்கள் கடைக்கு வந்தார். எச்-ஒன் வேலை விசாவில் வருகிறவர்களுக்குத் துப்பாக்கி விற்பதில் சட்டச் சிக்கல் உண்டு, அவர்களிடம் கிரீன் கார்டு வந்த பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம். இவரிடம் கிரீன் கார்டு பல வருஷமாகவே இருந்தது. சிட்டிசன்ஷிப் ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட மனசு வரவில்லை என்றார். எங்களிடம் வாங்கியது பத்துத் தோட்டா கொள்ளும் சின்னத் துப்பாக்கி. வாங்கும் முன் எக்ஸெல்லில் ஒப்பீடு போட்டுப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது எக்ஸ்டென்ஷன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை திறந்ததும் வருவார். ஒரு பெட்டித் தோட்டா வாங்கிச் சுட்டு முடித்துவிட்டுக் கவுண்டரில் வந்து நிற்பார். ஒரு வாரம் பிளாஸ்டிக்கா அலுமினியமா என்பார். அடுத்த வாரம் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டுமா என்பார். அதற்கடுத்த வாரம் சட்டைக்குள் துருத்திக்கொண்டு நிற்குமா என்று. நான் பதில் சொல்வேன், அவர் யோசிப்பார், பேச்சு எங்கெங்கோ போகும். மனைவி செய்கிற வத்தக்குழம்பைத் தன்னால் செய்ய முடியவில்லை என்பார். ஃப்ரீமாண்டில் என் பேத்திக்குத் தமிழ் புரிகிறது, பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வருகிறது என்று நான் சொல்வேன். வேறு ஆள் கவுண்டருக்கு வந்ததும் சட்டென்று ஒதுங்கிக்கொள்வார். வேலை செய்கிற மனுஷியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம்.

இன்னும் இவர் முடிவு பண்ணவில்லையா என்று முதலாளி என்னைக் கிண்டல் செய்வார். சில வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இவர் முடிவு பண்ண மாட்டார். பண்ணிவிட்டால் சனிக்கிழமை வருவதற்குக் காரணம் ஏது? வேண்டாம் என்று ஒரே பேச்சில் முடித்திருக்கலாம் நான். முடிக்காமல் ஒரு நுனியை அடுத்த வாரத்துக்கு விட்டுவைப்பேன். வாரம் பூராவும் நான் பேசுவது துப்பாக்கி நம்பர்களும் பாதுகாப்பு விதிகளும்தான். தமிழில் சாவகாசமாகப் பேசுவது அந்தக் கொஞ்ச நேரம் மட்டும். அது எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை நான் ஊரில் இல்லை, பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். முதலாளி வியாபாரி. ராஜசேகர் சார் வந்து நின்றதும் எக்ஸ்டென்ஷனை எடுத்துத் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுவாரம் சார் தயங்கித் தயங்கி அதை என்னிடம் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. கூடத்தில் நின்று சுட்டுப் பார்த்தோம். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சிரித்தார். அதற்கு அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. நானாகப் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்கலாம். ஒரு கஸ்டமரிடம் எந்த உரிமையில் கேட்பது?

சில மாதம் கழித்து, கடையில் நல்ல கூட்டமாக இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், போன் வந்தது. அவர்தான். குரலில் உற்சாகம். மகளுக்குக் குழந்தை பிறந்து லீவு முடிந்துவிட்டதாம். டேகேரில் இடம் கிடைக்கவில்லை, அப்பா வந்து இருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு டெக்சஸிலிருந்து காரிலேயே கிளம்பிவிட்டார். இப்போது பென்சில்வேனியாவில் நெடுஞ்சாலை ஓரத்து ரெஸ்ட் ஏரியா ஒன்றில் நிற்கிறார், ஒரு மணி நேரத்தில் மகள் வீடு. ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கத்தில் சுட்டுப் பழக நல்ல இடம் ஏதாவது தெரியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம்.

துப்பாக்கி எங்கே என்று கேட்டேன். டிக்கியில், தோட்டா இல்லாமல், பெட்டியில் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்திருக்கிறாராம், பெருமையாகச் சொன்னார். மேகசின்? அதே பெட்டியில், எக்ஸ்டென்ஷனோடு.

"சார், காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க. நான் சொல்றத முழுசா கேளுங்க."

விஷயம் இதுதான். நியூ ஜெர்சியில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினைச் சும்மா வைத்திருந்தாலே கிரிமினல் குற்றம். அவர் வாங்கியபோது அது பத்து. அந்த பிளாஸ்டிக் துண்டு சேர்ந்ததும் பன்னிரண்டு. டெக்சஸில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர் நின்ற இடத்துக்கு முன்னால் ஒரு ஆறு ஓடுகிறது, பாலத்தைத் தாண்டினால் ஜெர்சி. இந்த நாட்டுக் குடிமகன் மாட்டினால் வக்கீலும் கோர்ட்டுமாக அலைவான். கிரீன் கார்டில் இருப்பவர் துப்பாக்கி வழக்கில் மாட்டினால் நாட்டை விட்டே அனுப்பிவிடலாம். பேரனைப் பார்க்கப் போகிற மனிதர் பேரன் இருக்கும் நாட்டுக்கே திரும்ப முடியாமல் போகலாம்.

அவர் சிரித்தார். "ஒரு பிளாஸ்டிக் துண்டு மேடம். டிக்கியில பூட்டி இருக்கு. யாரு தொறந்து பாக்கப் போறாங்க?"

யாராவது பின்னால் வந்து காரை இடிக்கட்டும், போலீஸ் வரும் என்றேன். அப்படியானால் கழற்றிவிடுகிறேன் என்றார். பழைய அடித்தட்டு எங்கே என்று கேட்டேன். ஆலனில், சமையலறை டிராயரில். அது இல்லாமல் எக்ஸ்டென்ஷனைக் கழற்றினால் மேகசின் நிற்காது, ஸ்பிரிங் வெளியே வந்துவிடும். மேகசினையே இங்கே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் எடுத்துப் போகிறேன் என்றார். குழந்தை குட்டியோடு ஜனங்கள் வந்து இறங்கும் இடத்தில் அதைப் போடுவீர்களா என்று கேட்டேன்.

கவுண்டரில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் மேகசினை மட்டும் தீர்த்துவிட்டுப் போனை வைத்துவிடத்தான் தோன்றும். சட்டப்படி அது போதும்கூட. எனக்கு மனசு கேட்கவில்லை. பொண்ணுக்குத் துப்பாக்கி விஷயம் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது."

"குழந்தை?"

"தவழ ஆரம்பிச்சுட்டான்."

அப்போதுதான் சொன்னேன், எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று. வந்த வழியே திரும்பி, பென்சில்வேனியாவிலேயே லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள், அவர்கள் எங்கள் கடைக்கு அனுப்பிவைப்பார்கள். நான் பேசி ஏற்பாடு செய்கிறேன்.

அவருக்குக் கோபம் வந்தது. அன்றுதான் முதன்முதலாக அந்தக் குரலைக் கேட்டேன்.

"அங்க எனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கியிருக்காங்க மேடம். மத்ததெல்லாம் அவங்களோடது. எப்ப டீ குடிக்கணும்னுகூட அவங்கதான் சொல்வாங்க. இது ஒண்ணாவது என்னோடதா இருந்துட்டுப் போகட்டுமே."

ஃப்ரீமாண்டில் எனக்கும் அப்படி ஒரு ரூம் உண்டு. நான் போகும் முன் துணி காய வைக்கும் ஸ்டாண்டை அதிலிருந்து எடுத்துவிடுவார்கள், நான் கிளம்பியதும் திரும்ப வந்துவிடும். அதை அவரிடம் சொல்லி ஆறுதல் படுத்தியிருக்கலாம். ஆறுதல் படுத்தினால் பாலத்தைத் தாண்டிவிடுவார் என்று தோன்றியது.

"கேஸ் வந்துச்சுன்னா அந்த ரூமும் இருக்காது சார்."

"சரி மேடம், பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

நம் ஆட்கள் பாக்கறேன் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நின்றவர்களை முதலாளி தலையில் கட்டிவிட்டு அந்தப் பக்கத்துக் கடைகளைக் கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் கூப்பிட்ட இடத்தில் முடியாது என்றார்கள். அடுத்த கடையில் ஒரு பெண்மணி எடுத்தாள். விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் புரிந்துகொண்டு, வரச்சொல்லுங்கள் என்றாள். அந்த முகவரியை சாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், எடுக்கவில்லை.

அந்த மத்தியானம் நான் வேலை செய்த லட்சணத்தைப் பற்றி முதலாளி பின்னால் ரொம்ப நாள் சொல்லிச் சிரிப்பார். எக்ஸ்டென்ஷன் நல்லதா என்று ஒரு பையன் கேட்டான். எரிந்து விழுந்தேன். அவன் பயந்து கடையை விட்டே போய்விட்டான். முதலாளி என்னைப் பின்னறைக்கு அனுப்பிக் காபி குடிக்கச் சொன்னார். பாலத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ் அவரைக் காரிலிருந்து இறக்கி டிக்கியைத் திறக்கச் சொல்கிற மாதிரியே கண்ணில் வந்துகொண்டிருந்தது. ஒரு கஸ்டமர் சட்டத்தில் சிக்கிவிடுவாரே என்கிற கவலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த மனிதர் எனக்கு வேண்டியவராகிவிட்டிருந்தார். சனிக்கிழமைகள் போனபோது எனக்கு என்ன போயிற்று என்பதை அந்தக் காபியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன்.

மீதியைச் சொல்லும் முன், தொழிலுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்டென்ஷன் போடலாமா என்று நம் ஆள் வந்து கேட்டால் ஸ்பிரிங்கைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நம் ஆட்களுக்கு ஒன்று ஜெர்சியில் இருக்கும், இல்லாவிட்டால் கலிஃபோர்னியா பே ஏரியாவில் இருக்கும். இரண்டு இடத்திலும் பத்துதான் எல்லை. இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் அந்தப் பிள்ளை கூப்பிடும், இவர் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். டிக்கியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யோசிக்க மாட்டார். பேரப்பிள்ளையைத்தான் யோசிப்பார். அதனால் நம் ஆட்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சிக்குமா சிக்காதா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

கடை சாத்தும் நேரத்தில் போன் வந்தது. பின்னால் குழந்தை சத்தம், குக்கர் சத்தம், யாரோ யாரையோ இங்கிலீஷில் கூப்பிடும் சத்தம். நான் ஹலோ கூடச் சொல்லவில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் கேட்டேன். மகள் வீட்டு மாடியில் என்றார். துப்பாக்கி? கொடுத்தாகிவிட்டது. என் பேச்சைக் கேட்கக் கூடாது என்றுதான் கிளம்பினாராம். ஜெர்சிக்கு முந்தின கடைசி எக்ஸிட் வரைக்கும் கோபமாகவே ஓட்டியிருக்கிறார். அங்கே என்ன தோன்றிற்றோ, இறங்கி ஓரமாக நிறுத்தி என் மெசேஜைப் பார்த்துவிட்டு, வந்த தூரம் பூராவும் அந்தக் கடைக்குத் திரும்பியிருக்கிறார். மேகசினையும் சேர்த்து அனுப்பவா என்று அந்தப் பெண்மணி கேட்டாளாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். ஏன் இவ்வளவு லேட் என்று மகள் கேட்டதற்கு டயர் பஞ்சர் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

நல்லதாகப் போயிற்று சார் என்றேன். துப்பாக்கி வந்து சேர்ந்ததும் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன் என்றேன். அவர் போனை வைக்கவில்லை. குழந்தை எதையோ தள்ளிவிட்டது, கீழே யாரோ சிரித்தார்கள்.

"மேடம், இத்தனை நாளா நான்தான் கேள்வி கேட்டுட்டே இருந்தேன். உங்கள ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்ப வீட்டுக்குப் போனா யாரு இருக்கா உங்களுக்கு?"

அந்த ஊரில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. யாரும் இல்லை சார் என்று சொல்ல இரண்டு வினாடிகூட ஆகாது. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"கஸ்டமர் வந்துட்டாங்க சார். அப்புறம் பேசறேன்."

கடையில் யாரும் இல்லை. முதலாளி விளக்குகளை அணைத்துவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துப் போய்விட்டிருந்தார்.

துப்பாக்கி ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதை விற்றுவிடச் சொல்லி ராஜசேகர் சார் முதலாளிக்குத்தான் ஈமெயில் அனுப்பினார். என்னை அவர் மறுபடி கூப்பிடவில்லை. அதில் அவர்மேல் குறை சொல்ல எனக்கு இடமில்லை. அப்புறம் பேசறேன் என்று சொன்னவள் நான். வேலையாக இருக்கிறவளைத் தொந்தரவு செய்ய மாட்டார் அவர். நான் ரிடையர் ஆனது அவருக்குத் தெரியாது, இப்போதும் கஸ்டமர் நிற்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.